சீட்டு விழுந்தது, துப்பாக்கி வந்தது

பென்சில்வேனியாவின் சிற்றூர்களில் ‘கன் பாஷ்’ என்று பலகை வைத்தால் யாரும் திடுக்கிடுவதில்லை. எந்தச் சனிக்கிழமை, சீட்டு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். அன்றைக்கு ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே நீள மேசைகள் போடுவார்கள். சாப்பாடும் பீரும் சீட்டு விலையிலேயே அடக்கம். சுவரோரம் புத்தம்புது ரைஃபிள்களும் ஷாட்கன்களும் வரிசையாக நிற்கும். சில நிமிடங்களுக்கு ஒரு தடவை ஒலிபெருக்கியில் ஓர் எண் வரும். ஏதோ ஒரு மேசையிலிருந்து கூச்சல் கிளம்பும். யாரோ ஒருவர் துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் ஆகியிருப்பார்.

வீட்டிலிருந்தே கலந்துகொள்ள நாட்காட்டிக் குலுக்கல் இருக்கிறது. 000 முதல் 999 வரை ஆயிரம் சீட்டுகள். மாநில அரசின் லாட்டரியில் மாலைதோறும் விழும் மூன்று இலக்க எண்தான் இங்கேயும் வெற்றி எண். தீயணைப்புக்காரர்கள் தாங்களாகக் குலுக்க வேண்டியதில்லை. உள்ளே ஏதோ கோல்மால் நடந்தது என்று யாரும் வாய் திறக்கவும் வழியில்லை. வாரத்துக்கு ஒரு துப்பாக்கி என்று வருடம் முழுக்க ஓட்டும் ஊர்களும் உண்டு.

தீயணைக்க வேண்டியவர்கள் ஏன் துப்பாக்கி குலுக்குகிறார்கள்? காசுக்குத்தான். 1736-இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் தன்னார்வத் தீயணைப்புக் குழு ஒன்றைத் தொடங்கினார். அந்த வழக்கம் அந்த மாநிலத்தில் இன்னும் அப்படியே நிற்கிறது. அங்குள்ள தீயணைப்பு நிலையங்களில் பத்தில் ஒன்பது சம்பளமில்லாத ஊர்க்காரர்களால் நடப்பவை. ஒரு புதிய தீயணைப்பு வண்டியின் விலை ஐந்து லட்சம் டாலரைச் சுலபமாகத் தாண்டுகிறது. 1970-களில் மூன்று லட்சம் பேராக இருந்த தன்னார்வலர்கள் 2018-இல் 38,000 பேராகச் சுருங்கிவிட்டதாக மாநிலச் செனட் அமைத்த குழுவின் அறிக்கை சொன்னது. கேக் விற்றும் கார் கழுவியும் சேரும் சில்லறை இதற்குக் காணாது. துப்பாக்கி என்றால் சீட்டு பறக்கிறது.

காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்புகளும் இதே வழியில்தான் நிதி திரட்டுகின்றன. 1937-இல் தொடங்கிய ‘டக்ஸ் அன்லிமிடெட்’, 1973-இல் தொடங்கிய தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு இரண்டின் விருந்துகளிலும் துப்பாக்கிதான் நட்சத்திரப் பரிசு. வாத்தைச் சுடுகிறவரே வாத்து வாழும் சதுப்பு நிலத்துக்குப் பணம் தருகிறார். நமக்கு வேடிக்கையாக இருக்கும் இந்த ஏற்பாடு, துப்பாக்கி விற்பனை வரியைக் காட்டுயிர் நலனுக்கே ஒதுக்கும் 1937-ஆம் ஆண்டுச் சட்டமாகவே அங்கே நிலைத்திருக்கிறது. நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த திங்களன்று மான் வேட்டைக்காகப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டவை பென்சில்வேனியாவின் இந்த ஊர்கள். 2019-இல்தான் வேட்டையின் முதல் நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அப்படிப்பட்ட ஊரில் வேட்டை ரைஃபிள் என்பது புழங்கும் பொருள். அதைப் பரிசாக வைப்பதில் வெறியும் இல்லை, வில்லத்தனமும் இல்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு முகம் சுளிப்பதற்கு முன் இதையும் சொல்லிவிடுவது நியாயம்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்குகிறவர் ஒரு முடிவோடு போகிறார். எதற்கு வேண்டும், எது வேண்டும், எங்கே வைப்பது, மனைவி என்ன சொல்வார் என்று ஓரளவாவது யோசித்திருப்பார். குலுக்கலில் வென்றவரோ தீயணைப்பு வண்டிக்கு இருபது டாலர் கொடுத்தவர். ரைஃபிள் விழுந்தவருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கலாம். மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும் தம்பி மாடியறையில் இருக்கலாம். முடிவெடுக்காமலே துப்பாக்கிக்காரர் ஆனவர் இவர். விட்டுப்போன அந்த முடிவைப் பிறகாவது எடுத்தாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

படிவம் 4473

சட்டம் அவரிடம் என்ன கேட்கிறது? முறையாக நடக்கும் குலுக்கல்களில் துப்பாக்கி, உரிமம் பெற்ற உள்ளூர் வியாபாரியின் கணக்கிலேயே இருக்கும். வென்றவர் கையில் நேரடியாகத் துப்பாக்கி வராது, அதற்கான சீட்டுதான் வரும். அதைக் கொண்டுபோய் வியாபாரியிடம் காட்டி, 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும். கடும் குற்றத்திலோ குடும்ப வன்முறை வழக்கிலோ தண்டனை பெற்றவரா, கஞ்சா புழங்குபவரா என்று அது கேட்கும். மாநிலம் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் மத்தியச் சட்டம் அனுமதிக்காது என்ற எச்சரிக்கையும் படிவத்திலேயே உண்டு. பிறகு பின்னணிச் சோதனை. 1981-இல் அதிபர் ரீகனைக் கொல்ல நடந்த முயற்சியில் தலையில் குண்டு பாய்ந்து, மிச்ச வாழ்நாளைச் சக்கர நாற்காலியில் கழித்த பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடியின் பெயரால் 1993-இல் வந்த சட்டத்தின் பயன் இது. 1998 முதல் இது கணினிவழி நடக்கிறது. பெரும்பாலோருக்குச் சில நிமிடங்களில் விடை வந்துவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. குலுக்கல் நடத்தும் சங்கத்தின் சார்பில் ஒருவர் தானே படிவம் நிரப்பித் துப்பாக்கியை வாங்கி, வென்றவரிடம் கொடுப்பது. பென்சில்வேனியாவில் தனியாருக்குள் கைத்துப்பாக்கி கைமாறினால் சோதனை கட்டாயம். வேட்டை ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் கட்டாயமில்லை. அதாவது சோதனைக்கு உட்படுபவர் சங்கத்துச் செயலாளர். துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் வேறொருவர். பல சங்கங்கள் இந்த வழியைத் தாங்களாகவே தவிர்க்கின்றன. தவிர்க்காத சங்கத்தின் சீட்டை வாங்காமலிருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

படிவத்தில் ஒரு கேள்வி முக்கியமானது: இந்தத் துப்பாக்கியை உண்மையில் பெறுபவர் நீங்கள்தானா? குலுக்கலில் வென்றவரும் ‘உண்மையில் பெறுபவர்’தான் என்று படிவத்தின் விளக்கக் குறிப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. அதனால் “பரிசு எனக்கு விழுந்தது, ஆனால் பேப்பரில் எங்கே சிக்கல் வருமோ, நீ கையெழுத்துப் போடு மச்சான்” என்று யாரையாவது முன்னே தள்ள முடியாது. பினாமிக்கு அங்கே கடுமையான தண்டனை. முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் தன் உறவினரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு அவருக்காகக் கைத்துப்பாக்கி வாங்கினார். அந்த உறவினரும் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர்தான். அப்படியிருந்தும் ‘நான்தான் வாங்குகிறேன்’ என்று படிவத்தில் குறித்தது குற்றமே என்று 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2022-இல் வந்த சட்டம் பினாமிக் கொள்முதலைத் தனிக் குற்றமாக்கி, பதினைந்து ஆண்டுவரை சிறை என்றது.

அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு செய்தி இருக்கிறது. எச்-1பி, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஏதாவதொரு மாநிலம் தந்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், தீயணைப்பு நிலையத்துக்காக இருபது டாலர் கேட்கிறார், கொடுக்கலாம். அதனால் ஒன்றும் குடிமுழுகாது. எண் விழுந்துவிட்டால் அந்த ரைஃபிளைக் கையில் வாங்கிப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட வேண்டும். விசாவோடு விளையாடும் விஷயம் இது. நாடு கடத்தலில் போய் முடியலாம். பதிலுக்குப் பணமாகவோ வேறு பொருளாகவோ தர முடியுமா என்று நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; பல குலுக்கல்களில் அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, பரிசு இலவசம் என்று நினைப்பவர்களுக்கு: அமெரிக்க வருமான வரித் துறையின் கண்ணில் பரிசுத் துப்பாக்கியின் சந்தை விலையும் வருமானமே.

அழிப்பதற்காக வென்றவர்

2016-இல் ஓரிகன் மாநிலத்தில் ஒரு பெண்கள் சாஃப்ட்பால் அணி, போட்டிக்குப் போகும் செலவுக்காக ஏஆர்-15 ரக ரைஃபிளைக் குலுக்கலில் வைத்தது. லேக் ஆஸ்வேகோ என்ற ஊரின் எபிஸ்கோபல் தேவாலயப் பாதிரியார் இதைக் கேள்விப்பட்டார். கண்டித்து அறிக்கை விடுவதற்குப் பதில் சுமார் மூவாயிரம் டாலருக்கு நூற்றைம்பது சீட்டுகளை வாங்கினார். பிள்ளைகள் போட்டிக்குப் போகட்டும். துப்பாக்கி தன் கைக்கு வந்தால் அதை உடைத்துப் போட்டுவிடலாம் என்பது கணக்கு. ஆண்டவன் அவர் பக்கம் இருந்தானோ என்னவோ, அவருக்கே விழுந்தது.

பின்னணிச் சோதனையில் தேறி, ரைஃபிளை வாங்கினார். அழிக்கும்வரை எங்கே வைப்பது? தன்னிடம் பெட்டகம் இல்லை. சபையைச் சேர்ந்த ஒருவர் பொறுப்பான துப்பாக்கிக்காரர், பூட்டக்கூடிய பெட்டகம் வைத்திருப்பவர். அவரிடம் கொடுத்து வைத்தார். விவேகமான செயல் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதற்கு முந்தைய வருடம்தான் ஓரிகன், தனியாருக்குள் துப்பாக்கி கைமாறினாலும் வியாபாரி மூலம் பின்னணிச் சோதனை நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. துப்பாக்கி ஆதரவாளர்கள் இதைச் சுட்டிக்காட்டிப் புகார் கொடுக்க, மாநிலப் போலீஸ் விசாரணையில் இறங்கியது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை விரும்பிய பாதிரியார், அந்தக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலேயே காலை விட்டுக்கொண்டார்.

எதிர்த்தரப்பினர் கைகொட்டிச் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. துப்பாக்கி கைக்கு வந்த முதல் ராத்திரியே ‘இதை எங்கே வைப்பது’ என்ற கேள்வியைக் கேட்டவர் அவர். கன் பாஷ் முடிந்து, பீர் வாடையோடு ரைஃபிளைக் காரின் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டிருப்பார்கள்? கேள்வி சரி, பதிலைத் தேடிய இடத்தில்தான் சட்டம் குறுக்கே வந்தது. பெட்டகம் இல்லாதவர் துப்பாக்கியை வியாபாரியின் கடையிலேயே விட்டுவைத்து, பெட்டகம் வாங்கிய பின் போய் எடுத்துவரலாம். பரிசை மறுநாளே வாங்கியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள்

2001-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டார்கள். அங்கே ஒரு மேசை இழுப்பறையில் நிஜமான, சுட முடியாதபடி செய்யப்பட்ட கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. 29 குழுக்களில் 21 அதைக் கண்டுபிடித்தன. அவற்றில் 16 குழுக்கள் கையில் எடுத்தன. பத்துக் குழுக்களில் யாரோ ஒரு பையன் விசையையே அழுத்தினான். இந்தச் சிறுவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி ஏற்கெனவே பாடம் கேட்டவர்கள்.

“என் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், தொடமாட்டான்” என்று சொல்கிற அப்பாக்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம். அரிசிப் பானைக்குள் அம்மா ஒளித்து வைத்த காசைக் கண்டுபிடிக்காத பிள்ளை எந்த ஊரிலாவது உண்டா? அலமாரியின் மேல்தட்டும் மெத்தையின் அடியும் பாதுகாப்பான இடங்கள் ஆகா. தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாக்களைத் தனியாக வேறிடத்தில் பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்திருப்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் முறை. வியாபாரிகள் கைத்துப்பாக்கி கொடுக்கும்போது பூட்டும் சேர்த்துத் தர வேண்டும் என்பது 2005-இல் வந்த மத்தியச் சட்டம். ரைஃபிளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கம்பிவடப் பூட்டு ஒன்றைத் தோட்டா நுழையும் வழியில் கோத்துப் போட்டுவிட்டால் அதில் தோட்டா ஏற்ற முடியாது. துப்பாக்கி வணிகர்களின் சங்கமே போலீஸ் நிலையங்கள் வழியாக இந்தப் பூட்டை இலவசமாகக் கொடுக்கிறது. இலவசமாகக் கிடைப்பதை வாங்கிப் போடாமல் இருப்பதற்குச் சாக்கு சொல்ல முடியாது.

போடாததன் விலை என்ன என்பதை மிச்சிகன் காட்டியது. 2021 நவம்பரில் ஒரு தந்தை தன் பதினைந்து வயது மகனுக்காகக் கைத்துப்பாக்கி வாங்கினார். அதுவும் ஒருவிதப் பரிசுதான். நான்கே நாட்களில் அந்தப் பையன் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்றான். வீட்டுத் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற சட்டம் அப்போது மிச்சிகனில் இல்லை. அப்படியிருந்தும் 2024-இல் தாய், தந்தை இருவரையும் தனித்தனி ஜூரிகள் குற்றவாளிகள் என்றன. ஆளுக்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை. பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்காகப் பெற்றோர் இவ்வாறு தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல் முறை.

ஆனால் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வராத சாவுகள்தான் அதிகம். 2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். அவர்களில் 27,000-க்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனை நினைத்து வைத்திருக்கும் துப்பாக்கி, வீட்டு மனிதரையே கொண்டுபோகிறது. வேறு வழிகளில் முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கி அந்தப் பின்னாளையே பெரும்பாலும் கொடுப்பதில்லை.

இதை முதலில் நெஞ்சில் வாங்கிக்கொண்டவர்களில் துப்பாக்கி வியாபாரிகளும் உண்டு. 2009-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூவர், ஒரு வாரத்துக்குள், வாங்கிய சில மணி நேரங்களிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதிர்ந்துபோன கடைக்காரரும், மருத்துவத் துறையினரும், துப்பாக்கி உரிமை பேசுவோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். கலங்கிய முகத்தோடு வரும் வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பது, எப்படி மறுப்பது என்று கடைகளுக்குக் குறிப்பேடும் சுவரொட்டிகளும் தயாரித்தார்கள். மாநிலத்தின் ஏறக்குறைய பாதிக் கடைகள் அந்தச் சுவரொட்டிகளை மாட்டின. நண்பர் மனமுடைந்திருந்தால் அவர் தேறும்வரை துப்பாக்கியை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள் என்பது அதில் முக்கியமான யோசனை. ஓரிகன் பாதிரியார் கதை இங்கே மறுபடி நினைவுக்கு வருகிறது: அப்புறப்படுத்தும் வழி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. போலீஸ் நிலையமோ வியாபாரியோ வைத்துக்கொள்வார்களா என்று, நெருக்கடி வருமுன்பே விசாரித்து வைப்பது நல்லது. நெருக்கடியில் இருப்பவர் பேச 988 என்ற எண்ணுக்கு நாடெங்கும் ஆள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 104.

கடையில் வாங்குகிறவரிடம் முகம் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவாவது ஒருவர் இருக்கிறார். குலுக்கல் மேடையில் எண்ணை வாசிப்பவருக்கு மேசையில் இருப்பவரின் முகம்கூடத் தெரிவதில்லை.

குழல் எந்தப் பக்கம்

வேட்டைப் பயிற்சி வகுப்பில் முதல் நாள் சொல்லித்தருவது இவ்வளவுதான்: எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை, சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே, குறி பார்க்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும், குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். கேட்க எளிது. பரிசு வாங்கிய மறுநாள் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து “எங்கே காட்டு” என்று ஆளாளுக்குக் கைமாற்றும்போதுதான் இவை பறந்துபோகும்.

குழல் விதி வெறும் சம்பிரதாயம் இல்லை. 2000-இல் மொன்டானாவில் ஒரு குடும்பம் வேட்டை முடிந்து திரும்பியது. தோட்டாவை எடுப்பதற்காகத் தாய் பாதுகாப்புப் பொத்தானை விலக்கினார். விசையில் தன் விரலே இல்லை என்கிறார் அவர். ரைஃபிள் வெடித்து, குழல் இருந்த பக்கம் நின்ற ஒன்பது வயது மகன் இறந்தான். துப்பாக்கி, லட்சக்கணக்கில் விற்ற ரெமிங்டன் 700. விசைப் பொறியில் குறை இல்லை என்று நிறுவனம் கடைசிவரை வாதிட்டது. ஆனாலும் பழைய பொறிகளை இலவசமாக மாற்றித்தர ஒப்புக்கொண்ட சமரசத்தை நீதிமன்றம் பின்னர் ஏற்றது. சில குலுக்கல்களில் யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய துப்பாக்கியும் பரிசாக வரும். அதைக் காட்டுக்குக் கொண்டுபோகுமுன் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் ஒரு தடவை காட்டிவிட வேண்டும். மாதிரியின் பெயரைச் சொல்லி, திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதும் வந்ததா என்றும் கேட்க வேண்டும்.

நம் ஊரில் வரிசை தலைகீழ். முதலில் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, 2016 ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, பிறகு உரிமம், அதற்கும் பிறகுதான் துப்பாக்கி. தேர்தல் வந்தால் அதையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அலைய வைக்கும் முறைதான், சலுகை காட்டும் முறையும்தான். ஆனால் ‘இது உனக்கு எதற்கு’ என்ற கேள்வியை அது முதலிலேயே கேட்டுவிடுகிறது. அமெரிக்காவில் குலுக்கலில் வென்றவர் அந்தக் கேள்வியைத் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்று பதில் வந்தால், படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான் சுலபம். கையெழுத்துப் போட்டபின் என்றால் அதே வியாபாரியிடம் விற்றுவிடலாம். கார் நிறுத்துமிடத்தில் முன்பின் தெரியாதவரிடம் ரொக்கத்துக்குக் கொடுப்பதுதான் ஆகாத வழி.

ஏன் ஆகாது என்பதற்கு அங்கே துப்பாக்கிக் கணக்கு நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். துப்பாக்கி உரிமையாளர்களின் மத்தியப் பதிவேடு வைப்பதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், வெஸ்ட் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள தடமறியும் மையம் அதன் வரிசை எண்ணை வைத்து முதலில் தயாரித்த நிறுவனத்தைக் கேட்கும், பிறகு மொத்த வியாபாரியை, பிறகு கடைக்காரரை. கடைக்காரர் 4473 படிவத்தைத் தேடி எடுத்து, முதலில் வாங்கியவர் பெயரைச் சொல்வார். தடம் அங்கே நின்றுவிடும். சங்கத்தின் பெயரில் வாங்கிக் கொடுத்த துப்பாக்கியாக இருந்தால், முதல் தொலைபேசி அழைப்பு பாவம் தீயணைப்பு நிலையச் செயலாளருக்கு. வியாபாரி வழியே வந்ததென்றால் பரிசு வாங்கியவருக்கு. 2017 முதல் 2021 வரை தனியாரிடமிருந்து திருடுபோனதாகப் பதிவான துப்பாக்கிகள் பத்து லட்சத்தைத் தாண்டுகின்றன. பூட்டாத கார்களிலிருந்து போனவை நிறைய. வரிசை எண்ணைக் குறித்து, ரசீதோடு ஓர் உறையில் போட்டு வைத்தவர், திருடுபோன அன்றே புகார் கொடுத்தவர், அந்த அழைப்பு வரும்போது புகார் எண்ணைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம். மற்றவர்கள், அன்றைக்கு வாகன நிறுத்துமிடத்தில் ரொக்கம் கொடுத்தவர் எப்படி இருந்தார் என்று போலீஸுக்கு வர்ணித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.